நெஞ்சுவலியோடு வந்த ஃபோர்க்லிஃப்ட்

“எனக்கு மாரடைப்பு வந்த அன்னைக்கு என்னை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகல சார். மயங்கி விழுந்த என் மச்சானை நான்தான் தூக்கிட்டுப் போனேன். அதுவும் ஃபோர்க்லிஃப்ட்ல.”

கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் பாவம். பார்த்த எண்ணை மறந்துவிட்டு மறுபடியும் மீட்டரைப் பார்த்தார்.

சும்மாவா இதைச் சொன்னவருக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தார்கள்? எதையும் அதன் அளவில் சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது. அவருக்கு வந்த காய்ச்சலில் தெர்மாமீட்டர் வெடித்திருக்கிறது. அவர் பார்த்த மழையில் மாடிப்படியில் மீன் ஏறியிருக்கிறது. அவர் குறட்டைக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொல்லும். இதில் கடைசி ஒன்று மட்டும் நிஜம்; சாட்சி அவர் மனைவி.

அந்த மனைவி வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். “வாங்க, நேரமாச்சு. டாக்டர்கிட்டயும் போய் இந்தக் கதைய ஆரம்பிச்சுடாதீங்க.”

“கதையா? ரோட்டுல லாரியெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுச்சும்மா. ஒரு ஆம்புலன்ஸே ஒதுங்குச்சு.”

“போன மாசம் ரெண்டு சைக்கிள்தானே ஒதுங்குச்சு?”

“அப்ப ஞாபகம் சரியா வரல.”

மீட்டர்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கிற நாளா அது?

மறுநாள் கம்பெனியில் விசாரணை. பீரங்கி பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய அந்தச் சரக்குக் கிடங்கில் ஆர்டர்கள் வற்றிப்போய் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான் மாரடைப்பு வந்தது என்று பீரங்கி சொன்னார். இல்லை, அவர் வேலை முடிந்ததாகக் கார்டு அடித்துவிட்டுக் கிளம்பிப்போய் பஸ் ஸ்டாப்பில் விழுந்தார், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி சொன்னது. வேலையில் இருந்தபோது வந்தது என்று முடிவானால் ஆபரேஷன் செலவு முழுக்கக் கம்பெனியைச் சேரும். இல்லையென்று ஆனால் ஆபரேஷனே கிடையாது. அந்த இரண்டாவதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று கூட இருந்தது ஒரே ஒருவன். அவளுடைய தம்பி, கிடங்கின் சூப்பர்வைசர். அவனுக்கு ஊரில் ஸ்கேல் என்று பெயர். ஆளும் ஸ்கேல் மாதிரி நெட்டை, பேச்சும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. போதாக்குறைக்குச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வேறு. பெட்டிகளின் இடைவெளியை அளக்கவாம். பொய் என்பது அவன் வாயில் வழி தெரியாமல் திண்டாடும் என்று அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், தன் பியூட்டி பார்லரில் தலைமுடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம்.

பீரங்கி ஒன்று சொல்கிறார், ஸ்கேல் ஒன்று சொல்கிறான். ஊர் யாரை நம்பும்? அவளே யாரை நம்பினாள்?

இத்தனை நாளும் செக்கப்புக்கு மாமாவைக் கூட்டிப் போனது தம்பிதான். “நீ பார்லரைப் பாருக்கா, இதை நான் பார்த்துக்கறேன்” என்று கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாகப் போய்வருவான். பின்வாசலில்தான் வண்டி நிறுத்தச் சுலபம் என்பான். விசாரணைக்கு முந்தின நாள் என்பதால் இன்று அவனால் வர முடியவில்லை. அவள்தான் டாக்ஸி பிடித்து முன்வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

இருதயப் பிரிவில் உட்கார இடமில்லை. முன்பெல்லாம் அங்கே காத்திருப்பவர்கள் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். இப்போது மீசை கறுத்தவர்கள், கம்பெனிச் சட்டை போட்டவர்கள். சட்டைப்பையில் பேனா செருகியிருந்த இடத்தில் மாத்திரை அட்டை எட்டிப்பார்த்தது. இருமினால் ஆளுக்கொரு கை நெஞ்சுக்குப் போனது.

டாக்டர் களைத்துப்போயிருந்தார். அவளிடம் மெதுவாகச் சொன்னார்: “ஊர்ல எந்தக் கம்பெனி படுத்துக்கிச்சுன்னு நான் பேப்பர் பார்க்கிறதில்லம்மா. வெளிய உட்கார்ந்திருக்கிற சட்டைக் கலரைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். முதல்ல நீலச் சட்டையா வந்தாங்க, கண்ணாடிக் கம்பெனி. அப்புறம் சாம்பல் சட்டை, டயர் கம்பெனி. இப்ப உங்க கிடங்கு ஆளுங்க, பச்சை.”

வேலை போனவங்கதானே, என்று அவள் கேட்டாள்.

“போகாதவங்களும்தான். போனவங்களுக்குக் கவலை. போகாதவங்களுக்கு ரெண்டு ஆள் வேலை, கூடவே அதே கவலை. சிகரெட்டு கூடுது, தூக்கம் குறையுது, மாத்திரைய பாதியா உடைச்சு முழுங்கறாங்க. நெஞ்சு என்ன பண்ணும்? அதுவும் ஒரு தொழிலாளிதானே.”

பீரங்கியின் அடைப்பைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. ஆபரேஷனை இனித் தள்ளிப்போடுவதற்கில்லை என்றார். அவள் தலையாட்டினாள். பீரங்கி டெஸ்ட்டுக்காக உள்ளே போனார். போகும்போதே அங்கிருந்த நர்ஸிடம் லாரி ஒதுங்கிய கதையை ஆரம்பித்தது கதவு மூடும்வரை கேட்டது.

அவள் டீ குடிக்கக் கீழே வந்தாள். முன்வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கும் அம்மா ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த காரை ஒரு விசிலிலேயே அடக்கி ஓரம் கட்டவைக்கிற அம்மா. இவளைப் பார்த்ததும் தானாகவே பேச்சைத் தொடங்கினாள்.

“இன்னைக்கு டாக்ஸில வந்தீங்களா? அந்த வண்டி என்னாச்சு?”

“எந்த வண்டி?”

“அதான், உங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டு வந்தாரே. முன்னாடி ரெண்டு இரும்புக் கை நீட்டிக்கிட்டு நிக்குமே, அது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுஷன் விசாரணைக்காக ஆளைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துவைத்திருக்கிறார். அதுவும் டெஸ்ட்டுக்கு வந்த இடத்தில், எந்த நேரத்தில் செய்தாரோ. “உங்களுக்கு என்ன வாங்கித் தர்றதா சொன்னாரு அவரு?” என்று கேட்டாள்.

டோக்கன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் எதற்கு யாரிடம் வாங்க வேண்டும்? அந்த மனுஷர் பிழைத்தாரா இல்லையா என்பதே இன்று இறங்கி நடந்து வந்ததைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியுமாம். அன்று சாயங்காலம் அந்த வண்டி உள்ளே வந்தபோது என்ன டோக்கன் கிழிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லையாம். கார் இல்லை, வேன் இல்லை. கடைசியில் லாரி டோக்கன் கிழித்தாளாம்.

“இரும்புக் கை மேல ஒரு பலகை. பலகை மேல ஒரு நெட்டையன், துணி காயப்போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் காலு கையி தொங்குது. எல்லாரும் என்ன நெனைப்போம்? அவன்தான் நோயாளின்னு நெனைச்சோம். ஸ்ட்ரெச்சர்காரங்க ஓடிவந்து அவனை அள்ளிக்கிட்டு உள்ள ஓடினாங்க. வண்டி ஓட்டினவரு பாட்டுக்கு இஞ்சினை அணைச்சாரு, எறங்கினாரு, ‘இங்க நிறுத்தலாமாம்மா?’ன்னு என்கிட்ட மரியாதையா கேட்டாரு. கேட்டு முடிக்கல, அப்படியே சரிஞ்சாரு.”

அவள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இருந்தும் நம்பவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு டீயில் போய்விடுமா? அந்த நெட்டையன் பிறகு என்ன ஆனான் என்று மட்டும் கேட்டாள்.

“அவனுக்கு ஒண்ணுமில்லையாம், பயந்து மயங்கினானாம். நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடி அவன் சட்டைப்பையில ஒரு இரும்பு ஸ்கேலு குத்திக்கிட்டிருந்துச்சுன்னு எடுத்து என்கிட்டதான் கொடுத்து வச்சாங்க. கொஞ்ச நேரத்துல எழுந்து வந்து வாங்கிக்கிட்டான். கீழ கெடந்த வண்டிச் சாவிய பொறுக்கிக்கிட்டான். உள்ள படுத்திருக்கிறவரு யாருப்பா, பேரு எழுதணும்னு நான்தான் கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“தெரியாதுன்னான். வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

டோக்கன் அம்மா விசிலை ஊதிக்கொண்டு ஒரு காரைத் துரத்தப் போய்விட்டாள். இவள் அங்கேயே நின்றாள். தெரியாது. இந்த ஒரு சொல்லைப் பீரங்கி எந்தக் காலத்திலும் இட்டுக்கட்ட மாட்டார். அவருக்கு வராது அது. அவர் கதையில் யாரும் யாரையும் தெரியாது என்று சொன்னதே இல்லை.

அன்று தம்பிதான் போன் செய்தான். பஸ் ஸ்டாப்பில் மாமா விழுந்துவிட்டார், யாரோ ஒரு புண்ணியவான் டாக்ஸியில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார் என்றான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவன் தோளில் சாய்ந்துதான் அவள் அழுதாள். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும், அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று இன்று காலைவரைக்கும் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பீரங்கி கண் திறந்து முதல் முதலாகச் சொன்னது ஃபோர்க்லிஃப்ட் கதையைத்தான். தம்பி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “மருந்து வேகம்க்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றான். அவள் சிரித்தாள். பீரங்கி அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கதையில் லாரிகள் சேர ஆரம்பித்தன.

டெஸ்ட் முடிந்து பீரங்கி சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

“நான் உங்களை நம்பலேன்னு உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?”

“நீ எப்ப நம்பியிருக்கே? அது பழகின விஷயம்” என்றார். பிறகு, “அவன் இல்லேன்னு சொன்னான் பாரு, அதுதான்…” என்று தொடங்கினார்.

பீரங்கி பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. அவரை டாக்ஸியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். பார்லரில் இரண்டு தலை காத்திருக்கிறது என்று போன் வந்தது. இருக்கட்டும் என்றாள். நேராகக் கிடங்குக்குப் போனாள்.

ஷிப்ட் முடியும் மணி அடித்துக்கொண்டிருந்தது. வாசல் பக்கத்துச் சுவரில் கார்டு அடிக்கிற மெஷின். பச்சைச் சட்டைக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், கார்டைச் செருகினார்கள், டக்கென்று சத்தம் வந்தது. வெளியே வருவார்கள் என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள். ஒருத்தரும் வரவில்லை. கார்டை அடித்த கையோடு அப்படியே திரும்பி உள்ளே நடந்தார்கள், இடைவேளை முடிந்து தியேட்டருக்குள் போகிற மாதிரி. மெஷினைக் கேட்டால் எல்லாரும் இந்நேரம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பார்த்தால் பெட்டி ஏறுகிறது, பெட்டி இறங்குகிறது.

இறங்கி வர நேரமில்லாத ஃபோர்க்லிஃப்ட்காரர்களின் கார்டுகளை ஒரு கை சீட்டுக்கட்டு போல விரித்துப் பிடித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எழுதப் பழகும்போது அவள் பிடித்துக்கொடுத்த கை.

“அக்கா, நீ எங்க இங்க? மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“மாமா கார்டையும் இப்படித்தான் அடிச்சியாடா?”

ஸ்கேல் சுற்றுமுற்றும் பார்த்தான். அவளைத் தன் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

முதலில் அவன் கோடு போட்டுத்தான் பேசினான். இந்த மாதிரி நேரத்தில் எந்தக் கம்பெனியும் இப்படித்தான் ஓடுகிறது என்றான். மணிக்கு மேல் வேலை நடப்பது வெளியே தெரிந்தால் கிடங்கையே மூடிவிடுவார்களாம், இத்தனை குடும்பமும் தெருவுக்கு வருமாம். எல்லாரும் சம்மதித்துத்தான் செய்கிறார்களாம், மாமா உட்பட. கார்டு அவர் கிளம்பியதாகத்தான் காட்டுகிறதாம், அதற்கு மேல் தன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

“கையில சாவி இருந்துச்சே” என்றாள் அவள்.

அவன் புரியாதவன் மாதிரி நின்றான்.

“கீழ கெடந்த வண்டிச் சாவிய பொறுக்கினியாமே. ஸ்கேலையும் மறக்காம வாங்கிக்கிட்டியாமே. உள்ள கெடக்கிறது யாருன்னு கேட்டதுக்குத்தான் பதில் மறந்துபோச்சாமே.”

ஸ்கேலின் முகம் வெளிறிப்போனது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அங்கே இருந்ததைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

யார் சொன்னது என்று கேட்டான். பின்வாசலில் டோக்கன் கொடுக்கிறவங்க இல்லை என்றாள் அவள்.

வெளியே ஒரு ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்துகொண்டே பீப் பீப் என்று கத்தியது. கண்ணாடிக்கு அப்பால் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் திருப்பத்தில் ஒரு நொடி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு நெஞ்சை நீவிக்கொண்டார். இருவரும் பார்த்தார்கள்.

“நான் கத்தப்போறதில்ல” என்றாள். “நீ ஏன் செஞ்சேன்னு கேட்கவும் போறதில்ல. வேலை போயிடும்னு பயந்திருப்பே. பயம் எல்லாருக்கும்தான் இருக்கு. ஆனா நான் உன் தோள்ல சாய்ஞ்சு, யாரோ ஒரு புண்ணியவான் நல்லாயிருக்கணும்னு அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக்கொடுத்தே. தட்டிக்கொடுத்தியா இல்லையா?”

“அக்கா…”

“அந்த மனுஷனை நான் பைத்தியக்காரன் மாதிரி பார்த்து சிரிச்சேன். நீ சொன்னதை நம்பி சிரிச்சேன். அவரு நெஞ்சுல அடைப்பு அன்னைக்கு வந்ததோ என்னவோ, அதுக்கப்புறம் தினமும் நானும் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கேன்.”

மேஜை மேல் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. மேலிடத்துப் போன். மறுநாள் விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று இன்னொரு முறை ஒத்திகை பார்க்கிற போன் என்பது அவன் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவன் எடுக்கவில்லை. வெட்டவும் இல்லை. அது பாட்டுக்கு மேஜையில் நகர்ந்துகொண்டே அடித்தது.

“நாளைக்கு அவங்க முன்னாடி என்ன சொல்லுவியோ, அது உன் இஷ்டம். இப்ப எனக்குச் சொல்லு. நடந்துச்சா, நடக்கலையா?”

ஸ்கேல் நாற்காலியில் உட்கார்ந்தான். அவளுக்காக இழுத்துப்போட்ட நாற்காலி. நெட்டை உடம்பு மடங்கி மடங்கிச் சின்னதானது.

“அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம். அப்புறம் முழிச்சப்ப ரோட்டுல போய்க்கிட்டிருக்கோம், நான் பலகை மேல கெடக்கேன். தலையத் திருப்பிப் பார்த்தேன். அவருக்கு வேர்த்து சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை ஸ்டீயரிங்ல. நான் அசையறதைப் பார்த்துட்டு, ‘ஆடாதே மச்சான், விழுந்துடுவே, இதோ வந்துடுச்சு’ன்னாரு.”

போன் நின்றது.

“எழுந்து நான் ஓட்டியிருக்கலாம்க்கா. எனக்கு ஓட்டத் தெரியும். ஆனா எழுந்தா நான் பார்த்ததா ஆயிடும். மணிக்கு மேல வேலை நடந்தது, அதுல அவருக்கு வந்தது, எல்லாத்துக்கும் நான் சாட்சி ஆயிடுவேன். அதனால திரும்பக் கண்ணை மூடிக்கிட்டேன். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் திறக்கல.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நடந்துச்சுக்கா. லாரிகூட ஒதுங்குச்சு. ஹாரன் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”